பிறையைப் பார்த்ததாகச் சொன்னவள்

என் மகளை மூன்றாம் வகுப்பின் பாதியிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு தையல் கடை வைத்திருந்தேன். கடைக்குள் நுழைகிற ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவேன், டேப்பை எடுப்பது அவருடைய திருப்திக்காகத்தான். இப்படிப்பட்டவனுக்குச் சொந்தப் பிள்ளையைப் பற்றி வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. என் புத்தியைப் பற்றி நானே எழுதுவதால் கொஞ்சம் மரியாதையாகவே எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீடுகளில் வழக்கம் என்னவென்றால், விடிந்ததும் பிள்ளைகள் பள்ளிவாசலை ஒட்டிய மதரசாவில் போய்க் குர்ஆன் ஓத வேண்டும். திரும்பி வந்து பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். மதரசாவில் ஓதிக்கொடுத்த அஜ்ரத்தும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதே கிடையாது. பேசியிருந்தாலும் இரண்டு வேறு பெண்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அஜ்ரத் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, உம் பொண்ணு கிட்ட இருக்கிற அதபு இந்த ஊர்ல பெரியவங்க கிட்டயே இல்ல" என்றார். அதபு என்றால் மரியாதை, அடக்கம். "குர்ஆன விரிச்சு வச்சா அப்படியே குனிஞ்சிடுது. மூக்கு எழுத்துல படுது. அல்லாவோட வார்த்தைன்னு தெரிஞ்சு குனியுது பாரு."

குர்ஆனைக் கையில் எடுத்ததும் முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மூடி வைக்கும்போதும் அப்படியே. கண்ணில் ஒற்றியதை அங்கிருந்து எடுக்கவே மனம் வராத பிள்ளை என்று அஜ்ரத் புரிந்துகொண்டார். மற்றப் பிள்ளைகளிடமும் "அவள மாதிரி ஓதுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் எங்கள் மதரசாவில் முப்பது பிள்ளைகளும் மூக்கு காகிதத்தில் பட ஓதினார்கள். சில வீடுகளிலிருந்து கழுத்து வலி என்று புகார் வந்தது. அஜ்ரத் அதை ஈமான் குறைவு, நம்பிக்கைக் குறைவு என்று சொல்லிவிட்டார்.

அதற்கு நாலு நாள் கழித்து வாத்தியார் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நல்ல மனிதர். விவசாயக் குடும்பம், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கழனிக்குப் போகிறவர்.

"பாய், நான் சொல்றன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பொண்ணு புத்தகத்த மூஞ்சில கவுத்துக்குது. உள்ள தூங்குதா, பேசுதா, இன்னா பண்ணுதுன்னே தெரியல. எறக்கு எறக்குன்னு கையில ரெண்டு போட்டாலும் மறுபடி தூக்கிக்குது."

இரண்டு செய்தியும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் நம்பினேன். குர்ஆனுக்கு முன்னால் குனிவது பக்தி, பாடப்புத்தகத்துக்குப் பின்னால் ஒளிவது திருட்டுத்தனம். முகத்துக்கும் காகிதத்துக்கும் இருந்த தூரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அளவு எடுப்பதுதான் என் தொழில்.

அந்த வகுப்பில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். போர்டைப் பார்த்து எழுதுவதில் தப்பு செய்தால் ஒரு வரிசை பின்னால் போக வேண்டும், சரியாக எழுதினால் ஒரு வரிசை முன்னால் வரலாம். என் மகள் குள்ளம் என்பதால் ஜூன் மாதம் முதல் வரிசையில் இருந்தாள். அரைப்பரீட்சைக்குள் கடைசி வரிசைக்குப் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பின்னால் வரிசை இல்லாததால் வாத்தியார் அங்கேயே விட்டுவிட்டார்.

ஒரு நாள் சிலேட்டோடு வீட்டுக்கு வந்தாள். வாத்தியார் சாக்பீஸால் குறுக்கே பெரிய கோடு போட்டு, அழிக்காமல் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருந்தார். போர்டில் இருந்த எண் நாற்பத்தேழு. பக்கத்துப் பெண் அதை நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாள். என் மகளும் நாற்பத்தொன்று.

"பக்கத்துல பாத்து எழுதினியா?"

"இல்ல அத்தா."

"பொய் சொல்லாத."

"போர்டுலதான் பாத்தேன்."

மீட்டர் கணக்கு வந்த பிறகு என் பழைய கஜக்கோலுக்கு வேலையில்லாமல் போயிருந்தது. அன்றைக்கு அதற்கு வேலை கொடுத்தேன். காப்பி அடித்ததைவிட அவள் பொய் சொன்னதுதான் என்னைத் தாங்க முடியாமல் செய்தது என்று மனைவியிடம் விளக்கினேன். இதை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. மூன்று அடி. அழவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிச் சுருக்கிப் பார்ப்பதும் திமிர் என்று நினைத்தேன்.

திமிர் என்பதற்கு ஊரில் வேறு சாட்சிகளும் இருந்தார்கள். தெருவில் எதிரே வருகிற பெரியவர்களுக்கு அவள் ஸலாம் சொல்வதில்லை என்று என் சொந்தக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து சொன்னார்கள். "மதரசாவுல அவ்ளோ அடக்கமாம், ரோட்டுல மாமுவைப் பாத்தா மரத்தப் பாக்கற மாதிரி போறா" என்றார் ஒருவர். கூப்பிட்டுக் கேட்டேன். "மாமு வந்தது தெரியல" என்றாள். அவர் நல்ல பருமன். என் கடையில் இரட்டை அளவு துணி எடுக்கிறவர். அவர் வந்தது தெரியவில்லை என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்?

இதற்கெல்லாம் காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. வாத்தியார் சொன்னார்: "காலைல வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா படிக்குது. பத்து மணிக்கு இங்க வந்து இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம். சின்னப் புள்ள மூளை இன்னாத்துக்கு ஆவும்? அரபுப் படிப்ப ஒரு ஆறு மாசம் நிறுத்திப் பாருங்க பாய்." அஜ்ரத் சொன்னார்: "இவ்ளோ நல்லா ஓதற புள்ளைய ஷைத்தான் சும்மா வுடுவானா? அங்க போய்க் கெடுக்கறான். பள்ளிக்கூடத்த ஒரு ஆறு மாசம் நிறுத்திப் பாரு தம்பி." தண்ணீரில் ஓதி ஊதியும் கொடுத்தார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அந்த வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவனும் எங்கள் மதரசாப் பையன்தான், அவனும் தினம் வலமிருந்து இடமாக ஓதிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான் என்பது என் நினைவுக்கு வரவில்லை.

சரியாகச் சொன்னது என் மனைவி ஒருத்திதான்.

"கண்ணுல எதுனா கோளாறா இருக்குமாங்க? அடிக்கடி தலைவலின்றா. தண்ணியா வடியுது."

"நீ அப்புற சுருமா மையாலதான் வடியுது" என்றேன். பிறகு கையிலிருந்த ஊசியைத் தூக்கிக் காட்டினேன். "எங் கடையில இருக்கறதிலேயே பொடி ஊசி இது. எனக்கு நூல் கோக்க அஞ்சு நிமிஷம் ஆவுது. அவ ஒரே குத்துல கோக்கறா. அவளுக்குக் கண்ணு கோளாறுன்னா ஊர்ல யாருக்கும் கண்ணே இல்லன்னு அர்த்தம்."

அது உண்மைதான். ஊசியை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் கோர்த்துக் கொடுப்பாள். தையல்காரன் உலகத்தில் கண் பரிசோதனை என்றால் அதுதான், அதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியாது. மனைவி அதற்குப் பிறகு கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ரமலான் வந்தது. தையல்காரனுக்கு அந்த மாதத்தில் நோன்பும் உண்டு, ஊரார் அத்தனை பேருடைய பெருநாள் துணியும் உண்டு. பதினைந்தாம் நோன்பு அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரிடம் சொன்னேன்: "பெருநாளுக்கு அப்புறம் அனுப்பல சார். வீட்ல இருக்கட்டும்."

"மூணாவது முடிச்சுட்டாவது நிறுத்தலாமே பாய்" என்றார். அழுத்திச் சொல்லவில்லை. நானும் அவர் அழுத்திச் சொல்லாததை வசதியாக எடுத்துக்கொண்டேன். உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டையில் பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும். காஜா என்போம். பொடி வேலை. அவள் கைக்கு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். பெருநாளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் வேண்டாம், காஜா எடுக்கக் கற்றுக்கொள் என்று. கேட்டுக்கொண்டாள்.

"சிலேட்ட இன்னா அத்தா பண்றது?"

"யாருக்குனா குடுத்துடலாம்."

சிலேட்டைக் கழுவித் துடைத்து, சட்டத்தில் இருந்த அழுக்கையும் நகத்தால் சுரண்டி எடுத்து, அலமாரியில் வைத்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்து, அந்தி நேரத்து மஃரிப் தொழுததும் ஊரே பிறை பார்க்கக் கிளம்பும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. எங்கள் ஊரில் இதில் ஒரு சங்கடம் உண்டு. பிறை தெரிவது மேற்கே. மேற்கே உச்சியில் கோட்டையோடு ராஜகிரி மலை நிற்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்குப் பிறை அடிவானத்தில் மறையும், எங்களுக்கு அதற்கு வெகு முன்னாலேயே கோட்டைக்குப் பின்னால் போய்விடும். அதனால் ஊருக்குக் கிழக்கே தள்ளி ஏரிக்கரைக்குப் போய் நிற்போம். அங்கிருந்து மலை கொஞ்சம் தாழ்ந்து தெரியும்.

கடையில் இன்னும் பன்னிரண்டு சட்டைகள் முடியாமல் கிடந்தன. பிறை தெரியக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். போய் நின்ற கொஞ்ச நேரத்தில் யாரோ "அதோ" என்று கத்தினார்கள். நானும் பார்த்துவிட்டேன். மெலிசாக, மலை உச்சிக்கு ஒரு சாண் மேலே. பக்கத்தில் என் மகள் இரண்டு கையையும் ஏந்தி, பிறை கண்டால் ஓத வேண்டியதை ஒரு எழுத்து பிசகாமல் சத்தமாக ஓதினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில் சும்மா கேட்டேன்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் அத்தா."

"கோட்டைக்கு எந்தப் பக்கம் இருக்குது சொல்லு?"

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தாள். விடை அங்கேதான் எழுதியிருக்கும் என்று தேடினாள். கஜக்கோலோடு நான் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தாள்.

"அந்தப் பக்கம்" என்று பொதுவாகக் கையை ஆட்டினாள்.

"மலைக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

மலைக்குக் கீழே பிறை தெரியாது. கீழே ஊர்தான் தெரியும். நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "நெசமா பாத்தியா?"

அவள் ஏந்திய கையைக் கீழே இறக்கினாள். "பிறை கண்ணுக்குத் தெரியாது இல்ல அத்தா? மலக்குமாருங்க மாதிரிதானே?"

மலக்குகள் என்றால் வானவர்கள். நம் இரண்டு தோளிலும் இருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள், இருக்கிறார்கள் என்று நம்ப வேண்டும் என்று மதரசாவில் சொல்லிக்கொடுப்பார்கள். பிறையையும் அவள் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள். வருஷா வருஷம் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து "அதோ" என்கிறார்கள், கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அவளும் சொல்லியிருக்கிறாள். நாலைந்து பெருநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப போர்டு?" என்றேன்.

"சாரு கைய ஆட்டறது தெரியும். இன்னா எழுதறாருன்னு மத்தவங்களுக்கு எல்லாம் மனசுல தெரிஞ்சிடும். எனக்குத்தான் வரல. நான் மக்கு இல்லியா."

அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் இரண்டு விரலைக் காட்டினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கிருந்து அவள் பாவாடையின் பூவை என்னால் எண்ண முடிந்தது. "எத்தினி?" என்றேன். "அஞ்சு" என்றாள். ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தேன். அவள் தடுமாறாமல் சரியாகச் சொன்ன இடத்தில் நின்று, கையால் அளந்து பார்த்தேன். ஒரு கஜம், நாலு விரல். அதற்கு அப்பால் என் மகளுக்கு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளை ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வரிசை அப்பால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறோம்.

சுற்றிலும் எல்லோரும் கட்டிப்பிடித்து முபாரக் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னையும் நாலு பேர் வந்து கட்டிப்பிடித்தார்கள். நான் அழுததைப் பெருநாள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெருநாள் முடிந்த மறுநாளே வாத்தியாரிடம் போய்ப் பெயரை எடுக்க வேண்டாம், கண்ணாடி போட்டு அனுப்புகிறேன் என்றேன். அவர் கையிலிருந்த சாக்பீஸை மேசை மேல் வைத்தார். பிறகு, "நான்தான் பாய் செவுத்தாண்ட உக்கார வச்சேன்" என்றார். அஜ்ரத்திடமும் போய்ச் சொன்னேன். "அப்ப அது அதபு இல்லியா தம்பி?" என்று கேட்டார். அதபும் இருந்திருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். மதரசாவில் மற்றப் பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொல்வதற்கு அவருக்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. மனைவியிடம் சொன்னபோது, நான்தான் அப்பவே சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொட்டப் புள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்கு யாருங்க கட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரு முழுக்க அதையே கேட்டது.

விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டர் இருந்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வரிசையாக எழுதின அட்டையைக் காட்டினார். முதல் வரியிலேயே அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"படிக்கிற பிள்ளை. இத்தனை நாள் யாரும் கவனிக்கலியா?"

"பொடி ஊசில நூல் கோப்பா சார்" என்றேன்.

"கோப்பா. பக்கத்துல இருக்கறது நல்லாவே தெரியும். தூரம்தான் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கண்ணாடி தயாராக எட்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டில்தானே இருக்கிறாள் என்று, பாக்கியிருந்த சட்டைகளைக் காஜா எடுக்கக் கொடுத்தேன். நன்றாகவே எடுத்தாள். எட்டாம் நாள் மறுபடி பஸ் ஏறிப் போய்க் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டேன். கறுப்புப் பிரேம், அவள் முகத்துக்குக் கொஞ்சம் பெரிது. கடையை விட்டு இறங்கியதும் அசையாமல் நின்றுவிட்டாள். பிறகு ஆரம்பித்தாள். எதிர்க்கடைப் பலகை, பஸ் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ், பஸ்ஸுக்குள் எழுதியிருந்த 'புகை பிடிக்காதீர்கள்' எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படித்தாள். ஒன்றில்கூடத் தடங்கல் இல்லை. இவளைத்தான் படிப்பு வராது என்று நிறுத்தினேன்.

ஊர் நெருங்கியது. மலை தெரிந்தது. "அத்தா, மலையில கல்லு தனித்தனியா இருக்குது!" என்றாள். செஞ்சி மலை முழுக்கவே தனித்தனிப் பாறைதான். அதன் அடியில் எட்டு வருஷம் வளர்ந்தவள், அது ஒரே கறுப்புத் துணி மாதிரி இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு என் கையைத் தொட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அத்தா, இதப் போட்டுக்கினா காஜா இன்னும் பொடிசா எடுக்கலாமா?"

"காஜாவுக்கு எதுக்கும்மா கண்ணாடி?"

"பின்ன எதுக்கு வாங்கினீங்க?"

வாத்தியாரிடம் சொன்னேன், அஜ்ரத்திடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன். இவளிடம் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து நாளாக இந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது என்றே உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஸ்கூலுக்குப் போறதுக்கும்மா. நாளைக்கே போற."

அவள் நம்பவில்லை. கண்ணாடி வழியாக என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வல்லாஹி சொல்லுங்க" என்றாள். அல்லாஹ் மேல் ஆணையிடச் சொல்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லக் கூடாத வார்த்தை என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"வல்லாஹி" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்குங்க அத்தா, நனைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, ஊர் வந்து சேரும்வரை அழுதாள்.